விதுசனின் முன்பல்

திருகோணமலைப் பக்கம் சல்லிக் கரையில் விதுசனுக்குப் பல்லு உடைந்த கதை தெரியாத ஆள் ஒரு காலத்தில் கிடையாது. இப்போது போய்க் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

உடைந்தது ஒரு கச்சான் காற்றுக் காலத்தில். வீரசிங்கத்தாரின் போட்டில் அவரும் அவனும் கீரிமீன் வலைக்குப் புறப்பட்ட விடியல் அது. எஞ்சின் பிடிக்கவில்லை என்று விதுசன் கயிற்றை ஓங்கி இழுக்க, அது திருப்பி உதைத்துக் கைப்பிடிக் கட்டை வாயில் வந்து அடித்தது. மேல்வரிசையில் இடப்பக்க முன்பல்லில் பாதி போய்விட்டது. குறுக்கே சரிவாகக் கீறி எடுத்த மாதிரி மிச்சப் பாதி நின்றது. வீரசிங்கத்தார்தான் கடல் தண்ணீரால் அவனுடைய வாயைக் கழுவி, தன்னுடைய துவாயைப் பொத்திப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தவர். ஒரு கிழமை அவன் கஞ்சிதான் குடித்தான்.

அன்றிலிருந்து விதுசன் படத்துக்கு வாய் திறந்ததில்லை. அடையாள அட்டையில் உம். கலியாண அல்பம் முழுவதும் உம். அதைப் புரட்டுகிறவர்கள், மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைப்பார்கள். அப்படி நினைக்கிறவர்களை அவனுடைய தாய் இரத்தினேஸ்வரிக்கு நல்ல விருப்பம்.

ஏனென்றால் லக்சாயினியை அவள் பார்த்துக் கட்டி வைக்கவில்லை. ஒன்பது வயதில் தாய் தகப்பனைச் சுனாமிக்குக் கொடுத்துவிட்டு, திருகோணமலை நகரத்தில் ஓர் இல்லத்தில் வளர்ந்த பெண் அவள். விதுசன் தானே கண்டான், தானே கூட்டிக்கொண்டு வந்தான். கடல் வாய்வைத்த குடும்பத்தில் மிஞ்சினவளைக் கடல்தொழில் செய்கிறவன் கட்டுவதா என்று இரத்தினேஸ்வரி அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. அந்த ஆத்திரத்தில் முழுசாக ஒரு வருசம் மருமகள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. என்ன மனுசியோ! பக்கத்து வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

லக்சாயினி நகரத்தில் இன்பாஸின் ஸ்டூடியோவுக்கு வேலைக்குப் போனாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒடுங்கின கடை. முதலில் பாஸ்போட் படம் வெட்டுவதும், வருகிறவர்களுக்குச் சீப்பு எடுத்துக் கொடுப்பதுமாக இருந்தவளை இன்பாஸ் மெல்ல மெல்லக் கம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினார். மூதூர்க்காரர், பொறுமையான மனுசன். படத்தை அளவாக வெட்டுவது, இருட்டாக விழுந்ததை வெளிச்சமாக்குவது, பின்னால் நிற்கிற மாட்டையும் சைக்கிளையும் எடுத்துவிட்டு வெள்ளை நிறம் போடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். கல்வெட்டு என்கிற முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகம் அடிக்கக் கொண்டுவருகிற செத்தவர்களின் படத்துக்குக் கோட்டும் கழுத்துக்கு ரையும் போடுவதுதான் அந்தக் கடையில் பெரிய வேலை. உயிரோடு இருக்கையில் போட ஒரு சேட்டுக்கே வழியில்லாத மனுசரெல்லாம் முப்பத்தோராம் நாள் கோட்டோடு சிரிப்பார்கள்.

கடைசியாகத்தான் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழ்க் கருவளையம் இவற்றை அழிக்கிற வித்தையைச் சொன்னார். நல்ல இடத்தைத் தொட்டு எடுத்துக் கெட்ட இடத்தில் பூசுவது, அவ்வளவுதான். சொல்லுகையில் ஒரு விசயத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

"புள்ள, எந்தப் படமா இருந்தாலும் முதல்ல ஒரு கொப்பி எடுத்து வெச்சிட்டு, அந்தக் கொப்பியிலதான் கை வெக்கணும். தாய்ப்படத்துல கை வெச்சா, பிறகு அழுதாலும் வராது."

அவள் ஓம் என்றாள். ஆனால் கையில் புதுசாக ஒரு வித்தை ஏறினவருக்கு யாருடைய புத்திமதிதான் ஞாபகம் இருக்கிறது? அவள் பழகுவதற்கு எடுத்தது விதுசனின் படம். அம்மன் கோயில் பொங்கலன்று, தான் படத்தில் விழுவது தெரியாமல் பொடியங்களோடு சேர்ந்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்ற படம். அவன் வாய் திறந்த ஒரேயொரு படம் அதுதான். வலப்பக்க முன்பல்லைத் தொட்டு எடுத்து, திருப்பி, இடப்பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். முதல் நாள் அது சுண்ணாம்புக் கட்டி மாதிரி நின்றது. இரண்டாம் நாள் பக்கத்துப் பல்லை விட நீளமாகிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம், கொண்டுபோன புட்டும் மீன் சொதியும் பெட்டிக்குள் ஆறக் கிடக்க, பல்லு சரியாகப் பொருந்தியது. அந்தச் சந்தோசத்தில் அப்படியே சேமித்துவிட்டாள். கொப்பி எடுக்காதது பிறகுதான் நினைவுக்கு வந்தது. போனில் இடமில்லை என்று அதிலிருந்ததை முந்தின நாளே அழித்திருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் கவலைப்படவில்லை. உடைந்த பல்லை யார் தேடி வரப்போகிறார்கள் என்று எண்ணினாள்.

விதுசன் அந்தப் படத்தைக் கன நேரம் பார்த்தான். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய் வாயைத் திறந்து பார்த்தான். திரும்பி வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தான். அன்றைக்கே அது அவனுடைய பேஸ்புக்கில் ஏறியது. அதற்குப் பிறகு அவன் படம் என்றால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினான். கலியாண வீடு, பிறந்தநாள், கரையில் சுறா பிடிபட்ட நாள், எல்லாவற்றிலும் சிரிப்பு. பொழுதுபட வந்து போனை நீட்டி, "பல்லை வைச்சு விடு லச்சு" என்பான். அவளும் ஒன்று விடாமல் வைத்தாள். வைக்க வைக்கக் கை தேர்ந்தது, வேகமும் வந்தது.

அதிசயம் என்னவென்றால், கிழவிக்கும் அந்தப் படம் பிடித்துவிட்டது. பெரிசாக அடித்துச் சட்டம் போட்டுத் தரச் சொல்லி, விறாந்தைக் கதிரைக்கு மேலே மாட்டினாள். வருகிறவர்களிடம், என்ர பிள்ளையின்ர பல்வரிசையைப் பாருங்கோ என்று காட்டினாள். அன்று பின்னேரம் லக்சாயினி பயந்து பயந்து கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள். குசினிக்குள் போய் லக்சாயினி கொஞ்சம் அழுதாள். பாவம், தனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நம்பினாள்.

அடுத்த வருசம் வைகாசியில் வீரசிங்கத்தாருக்குக் காய்ச்சல். ஒரு நாள் தொழிலை விடுவானேன் என்று விதுசன் தனியே போட்டை இறக்கினான். மத்தியானம் போட்டை மட்டும் நிலாவெளிக்கு நேரே கண்டார்கள். வலையில் பாதி உள்ளே, பாதி தண்ணீரில். சோற்றுப் பெட்டி மூடினபடி இருந்தது. நேவிக்காரரும் போட்டுகளும் மூன்று நாள் தேடினார்கள். நீர் வடக்கே இழுக்கிற நாட்கள் அவை.

நான்காம் நாள் 'காணவில்லை' என்று நோட்டீஸ் அடிக்க லக்சாயினி கடையில் வந்து இருந்தாள். என்ன படம் போடுவது? சட்டத்துக்குள் இருக்கிற படத்தைத்தான் போட வேண்டும் என்று மாமி பிடிவாதமாக நின்றாள். அடையாளம் என்ற இடத்தில் முன்பல் பாதி உடைந்தவர் என்று எழுதவா என்று லக்சாயினி போனில் கேட்டாள்.

"என்ர பிள்ளை உயிரோட வருவான்" என்றாள் இரத்தினேஸ்வரி. "வரேக்க, தன்னைப் பல்லுடைஞ்சவன் எண்டு ஊரெல்லாம் ஒட்டிக் கிடக்கிறதைப் பாக்க வேணுமோ? அதெல்லாம் எழுதாத."

அவள் எழுதவில்லை. முத்துப் போன்ற பல்லோடு விதுசன் மூதூர் முதல் புல்மோட்டை வரைக்கும் மதில்களில் சிரித்தான்.

வீட்டில் அழக்கூடாது என்பது மாமியின் கட்டளை. உயிரோடு இருக்கிறவனுக்கு அழுவது தரித்திரமாம். மத்தியானத்தில் மூன்று சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட வேண்டும். விதுசனின் கோப்பையில் மீனின் நடுத்துண்டு. பொழுதுபட அதை நாய்க்குப் போடுவாள் மாமி. அந்தக் கோப்பையை லக்சாயினி நாளும் கழுவினாள். உடம்பு வந்தால் செத்தவீடு நடக்கும், எட்டாம் நாள் எட்டுச் செலவு நடக்கும், வாய்விட்டுக் கத்தி அழலாம். வராவிட்டால் இந்தக் கோப்பையைக் கழுவிக்கொண்டே கிடக்க வேண்டும். அவளுக்கு இப்போது வேண்டியிருந்ததெல்லாம் அந்த அழுகைதான்.

ஆவணியில் ஒரு நாள், மக்காவுக்கு உம்றாப் பயணம் போகப் பாஸ்போட் படம் எடுக்க அபூதாஹிர் என்று ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். குச்சவெளிப் பக்கத்தில் மீன் வாங்கி லொறியில் ஏற்றுகிறவர். படம் எடுத்து முடிந்தது. லக்சாயினி வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பொடியன் இன்னம் கிடைக்கல்லயா தங்கச்சி?" என்று கேட்டார்.

இல்லை என்றாள்.

"எங்கட கரையிலயும் இது ஒட்டி இரிந்திச்சி. ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு மையத்து ஒதுங்கினது. மூஞ்சி ஒண்டும் இல்ல, மீன் திண்டு போட்டுது. நாங்க இந்த நோட்டீசக் கிழிச்சிக் கொண்டு போய் வெச்சிப் பாத்தம். இந்தப் பொடியனுக்குப் பல்லு முழுசா, வடிவா இரிக்கு. அதுக்கு முன்பல்லு பாதி இல்ல. அதால இவரில்ல எண்டு நாங்கதான் பொலிசுக்குச் சொன்னம். ஆரோ பெத்த புள்ள. அங்கயே அடக்கிட்டாங்க."

கத்தரிக்கோல் அபூதாஹிரின் படத்தில் கழுத்துக்குக் குறுக்கே போய்விட்டது.

"எந்தப் பக்கத்துப் பல்லு?" என்றாள்.

அவர் தன்னுடைய வாயைத் திறந்து இடப்பக்கத்து முன்பல்லைத் தொட்டுக் காட்டினார். விரலால் அதன் குறுக்கே சரிவாக ஒரு கோடு இழுத்தும் காட்டினார். நல்ல மனுசன், ஒன்றும் அறியாமல் உதவியாகக் காட்டினார்.

லக்சாயினி அழவில்லை. வேறு படம் அடித்து வெட்டிக் கொடுத்தாள். பிறகு, அது தன்னுடைய புருசன் என்றாள். அந்தப் பல்லை வைத்தது தான்தான் என்றும் சொன்னாள். அபூதாஹிர் படங்களை வாங்காமல் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். இன்பாஸ் உள்ளே இருந்து வந்தவர், கேட்டுவிட்டுக் கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அபூதாஹிரே அவளைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த சார்ஜன் தமிழ் ஆள், மரியாதையான ஆள். பைலைத் திறந்து உடம்பின் படத்தைக் காட்டுமுன், பார்க்க ஏலுமோ என்று இரண்டு தரம் கேட்டார். அவள் பார்த்தாள். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பல்லு இருந்தது. அந்தச் சரிவை அவளுக்குத் தெரியாதா? எத்தனை தரம் அதைப் பெரிசாக்கி வைத்து மூடியிருப்பாள்! இவர்தான் என்றாள்.

பார்த்துச் சொன்னால் போதாது என்றார் சார்ஜன். நீதவான் கோட்டுக்கு எழுதி உடம்பைத் தோண்டி எடுப்பதென்றால், ஒத்துப் பார்க்கப் பெற்றவளோ கூடப்பிறந்தவர்களோ இரத்தம் கொடுக்க வேண்டும். விதுசன் ஒரே பிள்ளை, தகப்பனும் இல்லை. அவர்களுக்குக் குழந்தையும் இல்லை. அதற்கு முதல், உயிரோடு இருக்கும்போது பல்லு உடைந்திருந்ததைக் காட்டுகிற ஒரு படம் கொண்டு வாருங்கள், எழுதுவதற்கு லேசு என்றார்.

எங்கே போவாள் படத்துக்கு? வாய் மூடின படங்கள் இருந்தன. வாய் திறந்த படம் முப்பது நாற்பது இருந்தது. எல்லாவற்றிலும் முழுப் பல்லு. எல்லாம் அவளுடைய கைவேலை. திருத்தாமல் எடுத்ததெல்லாம் கிடந்த அவனுடைய போன் அவனோடேயே கடலுக்குப் போய்விட்டது. பொடியங்களிடம் போன் போனாகக் கேட்டாள். அவர்களிடமும் அவள் திருத்திக் கொடுத்ததுதான் இருந்தது.

பேய்க்கு வாக்கப்பட்டவள் மாதிரிக் கம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தாள். கோயில் பொங்கல் படத்தைத் திறந்து, வாயைப் பெரிசாக்கி, தான் வைத்த பல்லைத் தானே குறுக்கே உடைத்தாள். அன்றைக்கு மூன்று நாள் எடுத்த வேலை இப்போது நாலு நிமிசத்தில் முடிந்தது. அசல் விதுசன் சிரித்தான். அது பொய்யென்று உலகத்தில் யாருமே சொல்ல முடியாது, அவ்வளவு நேர்த்தி.

சார்ஜன் அதை வாங்கி, பைலில் கிடந்த நோட்டீசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கோயில், அதே சேட்டு, அதே சிரிப்பு.

"தங்கச்சி, ரெண்டும் ஒரே படம். ஒண்டில பல்லு இருக்கு, ஒண்டில இல்லை. இதில எது செய்தது?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் நான் செய்ததுதான் என்றாள். சார்ஜன் படத்தைத் திருப்பி அவளிடமே கொடுத்தார். உங்கட மாமியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவ வந்தால் எல்லாம் சரி என்றார்.

வீட்டுக்கு வந்தபோது இரத்தினேஸ்வரி பின்வளவில் நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. லக்சாயினி நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். அபூதாஹிர் சொன்னது, பொலிசு, உடம்பின் படம், பல்லு. ஒரு ஊசி இரத்தம் கொடுத்தால் அவரை வீட்டுக்குக் கொண்டு வரலாம் மாமி என்று முடித்தாள்.

கிழவியின் கை நிற்கவில்லை. தலை, குடல், தலை, குடல் என்று விரல் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ர பிள்ளைக்கு எப்ப பல்லு உடைஞ்சது?" என்றாள்.

மனம் பேதலித்துவிட்டது என்று லக்சாயினி நினைத்தாள். இல்லை, கண் தெளிவாக இருந்தது.

"மாமி, எஞ்சின் கயிறு அடிச்சு…"

"உள்ளுக்குப் போய்ப் படத்தைப் பார். பாத்திட்டு வந்து கதை."

"அந்தப் பல்லு நான் வைச்சது மாமி. உங்களுக்குத் தெரியும்தானே."

சொல்லிவிட்டு, நம்ப வைக்கிறேன் என்று, பல்லை உடைத்துச் செய்த படத்தை எடுத்து நீட்டினாள். அறிவுகெட்ட வேலை! வேறென்ன சொல்ல? இரத்தினேஸ்வரி செதில் ஒட்டின கையால் அதை வாங்கினாள். பார்த்தாள். எழும்பி நேரே கரைக்கு நடந்தாள். வலை பொத்துகிறவர்கள், கருவாடு பரப்புகிற பெண்டுகள் எல்லாருக்கும் முன்னால் அதைத் தூக்கிப் பிடித்தாள். சத்தம் போடவில்லை. ஆளுக்கு ஆள் காட்டிச் சொல்லிக்கொண்டு போனாள்.

"புருசனைச் சாக்காட்டுறதுக்குக் கம்பியூட்டரில பல்லை உடைச்சுக் கொண்டு வந்திருக்கிறாள். தாய் தகப்பனைக் கடலுக்குக் குடுத்தவள். இப்ப என்ர பிள்ளையையும் குடுத்திட்டு வேற ஆளோட போக நிக்கிறாள்."

லக்சாயினி பின்னால் ஓடிவந்தாள். கரையோர வாடிக் கொட்டிலுக்குள் வீரசிங்கத்தார் வலை ஊசியோடு இருந்தார். அவர் காலடியில் போய் நின்றாள்.

"அண்ணை, நீங்கள்தானே அவற்ற வாயைக் கழுவிவிட்டனீங்கள். ஒருக்காச் சொல்லுங்கோ."

வீரசிங்கத்தார் இரத்தினேஸ்வரியைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். "அப்படி ஒண்டு நடந்ததா எனக்கு ஞாபகமில்லைத் தங்கச்சி" என்றார்.

அவரைச் சும்மா திட்டவும் முடியாது. விதுசன் செத்தான் என்றால், காய்ச்சலென்று படுத்து அவனைத் தனியே விட்டது அவர். காணவில்லை என்றால் அவர் மேல் ஒரு பழியும் இல்லை. அந்தத் துவாய்க்குச் சொந்தக்காரனுக்கே ஞாபகமில்லை என்ற பிறகு மற்றவர்களுக்கு எப்படி ஞாபகம் வரும்? பெற்றவளின் முகத்துக்கு நேரே உன்னுடைய பிள்ளை செத்துப்போனான் என்று சொல்ல ஒருவருக்கும் நெஞ்சு வரவில்லை. மருமகளின் முகத்துக்கு நேரே பொய் சொல்ல எல்லாருக்கும் வந்தது.

அன்று பொழுதுபட லக்சாயினி மாமியின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு சொட்டு இரத்தம். காலை இழுத்துக்கொள்ளாமலே இரத்தினேஸ்வரி பதில் சொன்னாள்.

"பெத்த வயிறு சொல்லுது அவன் இருக்கிறான் எண்டு. ஊசி குத்தித்தான் எனக்குத் தெரிய வேணுமோ? போ, அவன்ர கோப்பையைக் கழுவி வை."

பிறகு ஊர் தன் பங்குக்குக் கதை கட்டியது. கதையில் இன்பாஸின் பெயரும் வந்தது. அந்த மனுசன் அவள் கடையில் இருக்கும் நேரமெல்லாம் கதவை விரியத் திறந்து வைக்கத் தொடங்கினார். ஐப்பசியில் ஒரு நாள் லக்சாயினி ஒருவருக்கும் சொல்லாமல் வடக்கே குச்சவெளிப் பக்கத்துக்குப் பஸ் ஏறி, அந்தச் சவக்காலையைத் தேடிப் போனாள். காவல்காரன் பற்றைக்குள் கூட்டிக்கொண்டு போனான். நம்பர் எழுதின தடிகளை மாடு சாய்த்துவிட்டிருந்தது. இரண்டு மண்மேட்டைக் காட்டி, இதில் ஒன்று என்றான். எதற்கு முன்னால் அழுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். அந்த வீட்டுக்கேதான் வந்தாள். போக வேறு இடமிருந்தால் போயிருக்க மாட்டாளா?

வருசம் திரும்பியது. வைகாசியில் இரத்தினேஸ்வரி சீலை மாற்றி, பஸ் ஏறி, முதல் தடவையாக ஸ்டூடியோவுக்கு வந்தாள். கம்பியூட்டருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். வருசமாகிவிட்டது, மதிலில் இருந்ததெல்லாம் மழையில் கரைந்துவிட்டது, புதுசாக நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றாள்.

லக்சாயினி படத்தைத் திறந்தாள். முகம் கொஞ்சம் இருட்டாகக் கிடக்குது என்றாள் மாமி. வெளிச்சமாக்கினாள். இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும் கொஞ்சம் ஆக்கினாள். பெயர், வயது, உயரம், கடைசியாக உடுத்திருந்த உடுப்பு, எல்லாம் கேட்டுக் கேட்டு அடித்தாள். அடையாளம் என்ற இடம் வந்தபோது கை நின்றது. அவள் திரும்பி மாமியைப் பார்த்தாள். கிழவி திரையில் சிரிக்கிற மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் எட்டி, திரையில் அந்த இடப்பக்க முன்பல்லைத் தொட்டது. அவளுக்குத் தெரியும், எல்லாம் தெரியும் என்பது லக்சாயினிக்கு அப்போது நன்றாக விளங்கியது.

"எழுது" என்றாள் இரத்தினேஸ்வரி. "பல்லு ஒண்டும் பழுதில்லாமல், முழுசா இருக்கும் எண்டு எழுது."

இன்பாஸ் சீலைக்குப் பின்னால் இருமினார். லக்சாயினி ஒவ்வொரு எழுத்தாக அடித்து முடித்தாள். பிழை இருக்கிறதா என்று ஒருக்கால் வாசித்துப் பார்த்தாள்.

"எத்தினை அடிக்க மாமி?"

"நூறு அடி. குச்சவெளிப் பக்கத்துக்குக் கூடுதலாக் குடுக்க வேணும்."